உன் காதுகுத்தில் பதிவான சிரிப்பு

கதிர்,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி என் மேஜையில் கிடக்கிறது. அச்சகத்துக்காரர் கவனமான மனிதர். ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். 'தங்கள் வரவை விரும்பும் தாய்மாமன்' என்ற வரிக்குக் கீழே, நீ சொன்னபடி, 'அபிராமம் காத்தமுத்து' என்று போட்டுவிட்டு, பக்கத்தில் 'சம்மதம் கேட்டாச்சா?' என்று எழுதியிருக்கிறார். கேட்காமல் பெயரைப் போட்டு, ஆள் மேடைக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று இந்த ராமநாதபுரத்தில் பத்திரிகை அடிப்பவருக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு முதல் மாலை தாய்மாமன் கையால் விழ வேண்டும். அவர் இல்லையென்றால் மண்டபம் முழுவதும் அந்த இடத்தைத்தான் பார்க்கும். பெண் வீட்டார் ராமேஸ்வரத்திலிருந்து மூன்று பஸ்ஸில் வந்து பார்ப்பார்கள். போன வாரம் நீயும் போனில் இதையே கேட்டாய். "மாமாகிட்டக் கேட்டுட்டீங்களாப்பா?" கேட்டுவிட்டேன் என்றேன். கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் வசனம் எழுதியவன் என்பதால் பொய் யோசிக்காமலே வந்தது.

மறுநாள் காலையில் அபிராமத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை மட்டும் சொன்னால் உனக்கு விளங்காது, ஏனென்றால் உன் மாமாவைப் பற்றி நீ அறிந்ததெல்லாம் நான் சொன்னது. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ எங்காவது சிரித்துவிடுவாய். நீ சிரித்தால் நான் மிச்சக் கதையை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். அது என் தொழில். எழுதும்போது நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

என் தொழிலைப் பற்றி உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். உன் பள்ளிக்கூடப் படிவங்களில் 'தொலைக்காட்சித் தயாரிப்பாளர்' என்று எழுதுவேன். கடலாடிக்குத் தெற்கே மானாவாரிப் பயிர் வைத்திருந்த குடும்பத்திலிருந்து சென்னைக்குப் போய், முதலில் மற்றவர்களின் நகைச்சுவைத் தொடர்களுக்கு வசனம் எழுதினேன். பிறகு ஒரு தயாரிப்பாளர், நகைச்சுவையில் எதிர்காலம் இல்லை என்று முடிவு செய்து இரும்புக் கம்பி வியாபாரத்துக்குப் போனார். அன்று அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான் என்பதால் தயாரிப்பாளர் ஆனேன். ஒரு வீட்டின் கூடம்தான் எங்கள் அரங்கம். ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேஜை, ஒரு மாடிப்படி. படிக்கு மேலே மாடி கிடையாது. மேலே போன நடிகர் அடுத்த காட்சி வரும்வரை ஒரு பலகையில் குந்தியிருப்பார். எட்டு வருடம் அந்தக் குடும்பம் அந்தக் கூடத்தில் வாழ்ந்தது. அதில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை, ஒருவர்கூடச் சாகவில்லை. மக்களுக்குப் பிடித்திருந்தது.

தொடர் ஆரம்பிக்கும் முன்னால் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சிரிப்பு. அந்தக் காலத்தில் நகைச்சுவைத் தொடர் என்றால் வசனத்துக்கு வசனம் பின்னணியில் ஆட்கள் சிரிக்கும் சத்தம் வர வேண்டும். எங்கே சிரிப்பது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு அது சொல்லிக்கொடுக்கும். எங்களிடம் இருந்த சிரிப்பு ஒலிநாடா எங்கோ வெளிநாட்டில் பதிவானது. அதில் சிரித்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மெத்தை நாற்காலியில் சாய்ந்து சிரித்தவர்கள் என்பது கேட்டவுடனே தெரியும். நடுவில் ஒருவன் சீட்டியடிப்பான். எங்கள் தொடரில் மாமியார் சாம்பார் வாளியைத் தவறவிட்டால் அவன் சீட்டியடிப்பான். தாத்தாவுக்கு மூச்சு முட்டினாலும் சீட்டியடிப்பான். சேனல் அதிகாரி மாதிரிக் காட்சியைப் பார்த்துவிட்டு, "நம்ம ஜனங்க இப்படியா சிரிப்பாங்க?" என்று கேட்டார். நான் மார்தட்டினேன். "எங்க ஊர்ப் பக்கம் வாங்க சார். சிரிப்புன்னா என்னன்னு காட்டுறேன்." அவர் வரவில்லை. டேவிட் என்ற ஒலிப்பதிவாளரை மட்டும் அனுப்பினார். அந்த வாரம்தான் கடலாடிக்குப் பக்கத்தில் நம் குலசாமி கோயிலில் உன் காதுகுத்து. உனக்கு மூன்று வயது. இருநூறு உறவுக்காரர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். சோறும் உண்டு, மைக் செட்டும் உண்டு. இதைவிட நல்ல ஒலிப்பதிவுக்கூடம் கிடையாது என்று நினைத்தேன். மகனின் காதுகுத்தை அப்படி நினைத்த தகப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேப்பமரத்தடியில் டேவிட் பெட்டியைத் திறந்து வைத்தார். நான் மைக் செட்காரரிடமிருந்து மைக்கை வாங்கி, என் தொடரின் முதல் மூன்று வாரத்து நகைச்சுவைக் காட்சிகளை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உன் பெரிய தாத்தா ஒருவர் கையை உயர்த்திச் சந்தேகம் கேட்டார்.

"ஏப்பா, அந்தப் பய இட்லிய எதுக்குச் சட்டைப் பையில வச்சான்?"

"ஒளிச்சு வைக்கிறான் பெரியப்பா. பொண்டாட்டிக்குத் தெரியாம."

"பசிச்சாத் தின்னுட்டுப் போகவேண்டியதுதான? சொந்த வீட்ல இட்லி திங்கக்கூட வழியில்லையா பாவம்."

கூட்டம் அந்தக் கதாபாத்திரத்துக்காக வருத்தப்பட்டது. கடைசியில் நான் இறங்கி வந்து, "காரணமெல்லாம் வேண்டாம், சும்மா ஒரு தடவ எல்லாரும் சேந்து சிரிங்க" என்று கெஞ்சினேன். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னம்மா, "சும்மா சிரிச்சா என்னையக் கிறுக்கச்சின்னுல்ல சொல்லுவாக" என்றாள். டேவிட் பெட்டியை மூடப் போனார். சென்னைக்குத் திரும்பி அந்த அதிகாரியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றுகொண்டிருந்தேன். அப்போது அபிராமத்திலிருந்து உன் மாமாவின் டிராக்டர் வந்து நின்றது.

காத்தமுத்து மாமா உன் அம்மாவுக்கு ஒரே அண்ணன். அந்த வருடம் மழை இல்லை; மிளகாய் செடியிலேயே கருகிப்போயிருந்தது. அதைச் சாக்குச் சொல்லி அவர் சீரைத் தள்ளிப்போட்டிருக்கலாம். செய்யவில்லை. பதினொரு தட்டும், ஒரு கிடாயும், உனக்குக் கம்மலும், பட்டுச் சட்டையும் கொண்டுவந்திருந்தார். தட்டுகள் நிறைந்திருந்தன என்று சொல்ல முடியாது. தாய்மாமன் சீரை மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பது நம் பக்கத்து வழக்கம் என்பது உனக்குத் தெரியும். வாசிப்பவர் கொஞ்சத்தையும் நிறைவாகச் சொல்வார். ஒரு சீப்புப் பழத்தை 'வாழைக்கனித் தட்டு' என்பார். அது மைக் செட்காரரின் தொழில் தர்மம். அன்று மைக் என் கையில் இருந்தது.

"அபிராமத்துத் தாய்மாமன் சீர் வருது, வழி விடுங்க! மொதல்ல கெடா வருது. நல்லாப் பாத்துக்கங்க சாமி, இது வெட்டுற கெடா இல்ல, வெரதம் இருக்குற கெடா."

இருநூறு பேரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை. டேவிட் பெட்டி மேல் குனிந்தவர், தலையைத் தூக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அங்கே நான் நிறுத்தியிருந்தால் அது மாப்பிள்ளை மச்சான் கேலியோடு போயிருக்கும். நான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன்.

"அடுத்த தட்டுல என்ன மச்சான், சாக்லேட்டா? தன் மேல சாக்லேட் இருக்குறது அந்தத் தட்டுக்குத் தெரியுமா?"

சட்டையை எடுத்து விரித்துக் காட்டினேன். வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் போடட்டும் என்று உன் அத்தை பெரிதாகத் தைக்கச் சொல்லியிருந்தாள். "யம்மாடி! இது காதுகுத்துக்கு எடுத்த சட்டை இல்லப்பா. மருமகன் கல்யாணத்துக்கும் சேத்து மச்சான் இன்னைக்கே முடிச்சுட்டாரு. அப்ப வரமாட்டாரு போல."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அன்று இதற்குத்தான் அதிகச் சிரிப்பு. பதினொரு தட்டுக்கும் பேசினேன். மாப்பிள்ளையும் மச்சானும் ஒருவரை ஒருவர் கேலி பேச நம்மிடம் யாரும் அனுமதி வாங்குவதில்லை. முகம் சுளித்தால் சுளித்தவன்மேல்தான் குறை. பதிலுக்குக் கேலி பேச உன் மாமாவுக்கும் உரிமை உண்டு. அவர் வாய் என் வாயைவிடக் கூர்மையானது என்று உன் அம்மா சொல்லுவாள். ஆனால் ஒரு மைக்தான் இருந்தது, அது என்னிடம் இருந்தது. அவர் கையில் தட்டு இருந்தது. அதனால் அவரும் சிரித்தார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரித்து ஓய்ந்தபிறகு, எனக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதால் மைக்குக்கு மிக அருகில், தனியாகச் சிரித்தார். இரண்டு சின்னச் சிரிப்பு, பிறகு மூச்சை உள்ளே இழுப்பார். அதன்பின் உன்னை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி காது குத்தும்போது நீ அலறினாய். அவர் உன் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அதை மைக்கில் யாரும் வாசிக்கவில்லை.

சென்னையில் டேவிட் அந்தப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினார். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "அண்ணே, சட்டை சிரிப்புக்கு நடுவுல ஒரு பொம்பளக் குரல் வருது. 'போதும், விடுங்க'ன்னு. என்ன செய்ய?" திரும்பப் போடச் சொன்னேன். உன் அம்மாவின் குரல். இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது அது என் காதில் விழுந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. விழவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் டேவிட் போட்டபோது விழுந்தது. "வெட்டிரு" என்றேன். அம்மாவின் குரல் நம்மிடம் எதிலுமே இல்லை, வீடியோ எல்லாவற்றிலும் பாட்டுத்தான் ஓடுகிறது என்று போன வருடம் நீ என்னிடம் வருத்தப்பட்டாய். ஆமாம் என்று நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன். இருந்தது, கதிர். வெட்டச் சொன்னவன் நான்தான்.

அந்தச் சிரிப்பு எட்டு வருடம் ஓடியது. நான் எழுதியதற்கு உன் உறவுக்காரர்கள் ஒருபோதும் சிரிக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் ஏழரை மணிக்கு, நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் சிரித்தார்கள். எங்கள் படத்தொகுப்பு அறையில் துண்டுகளுக்குப் பெயர்கள் இருந்தன. சின்னது, நடுத்தரம், பெரியது. உன் மாமாவின் சிரிப்புத் துண்டுக்குக் 'கடைசி ஆள்' என்று பெயர். மொக்கை நகைச்சுவையையும் அது தூக்கி நிறுத்திவிடும். ஒரு மனிதருக்கு அது இப்போதுதான் புரிந்தது போல இருக்கும். "இங்க சரியா விழலண்ணே." "ஒரு கடைசி ஆளப் போடு." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைச் சொல்லியிருப்பேன். பழகிப்போய், அது யாருடைய சிரிப்பு என்பதே எனக்கு மறந்துவிட்டது. விருதுகூடக் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டு, மண்ணின் மணம் மாறாத நகைச்சுவை என்று ஏழு நிமிடம் பேசினேன்.

நம் வீட்டில் ஏழரை மணிக்கு உன் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். படம் ஓடும், வாய்கள் அசையும். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? இவளுக்கு நகைச்சுவை ரசனை போதாது என்று. நண்பர்களிடம் அதையே ஒரு நகைச்சுவையாகச் சொல்லி, அதற்கும் சிரிப்பு வாங்கினேன். எட்டு வருடத்தில் ஒரு நாளாவது 'ஏன் குறைக்கிறாய்' என்று கேட்கவில்லை. தொடர் முடிந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். வாங்கி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமேலயாவது எங்கண்ணன் சிரிக்காம இருக்கட்டும்." எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. கல்யாணமாகப் போகிறவனுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருக்கும் ஒரே புத்தி இதுதான். கல்யாணத்துக்குப் பிறகு உன் ரேவதி எதற்காவது சத்தத்தைக் குறைத்தால், அன்றைக்கே கேள். பதில் உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் கேள்.

விளங்கிய பிறகு நான் அபிராமத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. புதுத் தொடர் ஒன்றுக்குக் கதை எழுதவேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் உன் அம்மா போய்விட்டாள். உன் மாமா வந்தார். பிறந்த வீட்டுக் கோடித் துணியைத் தங்கை மேல் போர்த்தினார். உன்னைக் கட்டிக்கொண்டு நின்றார். நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். "மாமா ஏம்ப்பா நம்மகிட்டப் பேசமாட்டேங்கிறாரு?" என்று அப்போது கேட்டாய். உனக்குப் பதினான்கு வயது. நான் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நாம நல்லா இருக்கிறது அவருக்குப் பிடிக்கல. பொறாமை" என்றேன். கதாபாத்திரத்தை இரண்டு வரியில் நிறுத்துவதில் எனக்கு அப்போது நல்ல பெயர் இருந்தது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். வெற்றிலை பாக்குப் பழத்தோடு அபிராமத்தில் இறங்கினேன். சொல்லவேண்டிய மன்னிப்பை முன்பே எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது வடிவம் நன்றாக வந்திருந்தது. உன் மாமா வீட்டுக்குப் பின்னால் களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார். ஒரு கட்டை விளக்குமாற்றால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, "வாங்க மாப்ள" என்றார். அந்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோய், வாய் தானாகத் திறந்தது.

"என்ன மச்சான், மொளகாயெல்லாம் இம்புட்டுச் செவந்து கெடக்கு? நான் வாரேன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சா?"

அவர் சிரித்தார். இரண்டு சின்னச் சிரிப்பு, பிறகு மூச்சு உள்ளே போனது.

எட்டு வருடம் அந்தச் சிரிப்பை வெட்டி ஒட்டியவன் நான். பஸ்ஸில் கேட்டாலும் அடையாளம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நேருக்கு நேர், மூன்றடி தூரத்தில், அந்த முகத்தோடு சேர்த்துக் கேட்டது அன்றுதான். காதுகுத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது டேவிட்டின் கட்டைவிரலை. அதில் சிரிப்பே இல்லை, கதிர். அடி வாங்குகிறவர், வாங்குவது வெளியே தெரியக்கூடாது என்று விடும் சத்தம் அது. அதைத்தான் நாடு முழுவதும் கேட்கும்படி, மொக்கை வரிகளுக்கு முட்டுக்கொடுத்து வந்திருக்கிறேன்.

உன் அத்தை ராக்கம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது; அதற்கு நன்றி.

"நல்லாருக்கீகளாண்ணே? இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"ராக்கு, சும்மா இரு" என்றார் மாமா.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? சும்மா இருந்துதான பாத்தோம். மொத நாளு அந்த நாடகம் வந்தப்ப ஊரே டீக்கடையில கூடி நின்னுச்சுண்ணே. நம்ம மாப்பிள்ளை நாடகமாம்ல. சிரிப்புச் சத்தம் வரவும், 'ஏலே, இது என் சிரிப்புடா, இது உன் சிரிப்புடா'ன்னு ஒரே கொண்டாட்டம். பெறகு ஒரு எடுபட்ட பய சொன்னான், 'இது காத்தமுத்து கெடாவுக்குச் சிரிச்சதுல்ல?'ன்னு. அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு தெனமும் சிரிப்பு வந்தா, 'கெடா வந்துருச்சு, கெடா வந்துருச்சு'ன்னு கத்துவாங்ய. இந்த மனுசன் டீக்கடைக்குப் போறத விட்டாரு. எவன் வீட்டு விசேசத்துக்கும் சீர் தூக்குறத விட்டாரு. எங்க மக கல்யாணத்தைக் கூட மைக் செட்டு இல்லாத கோயிலாப் பாத்து முடிச்சோம்ணே. உங்களுக்குச் சொல்லல. எப்புடிச் சொல்றது? வந்து வாசிச்சுட்டீகன்னா?"

எழுதிக் கொண்டுபோன மன்னிப்பு சட்டைப்பையில் இருந்தது. அதன் முதல் வரி மிக அழகாக இருந்தது. அதனாலேயே எடுக்க வெட்கமாக இருந்தது. வெற்றிலைத் தட்டை மட்டும் நீட்டி, "கதிர் கல்யாணம் மச்சான். நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றேன். அவர் கை நீட்டவில்லை. மிளகாய்க்குள் இருந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கேட்டார்.

"மருமகனுக்குத் தெரியுமா?"

"எது மச்சான்?"

"நடந்தது."

நீட்டிய தட்டைக் கீழே இறக்கினேன்.

"தெரியாதுல்ல. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. போன பொங்கலுக்குப் போன் போட்டாப்ல. 'மாமா, பழச மனசுல வச்சுக்காதீங்க, எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் உங்களுக்கும்தான்'னாப்ல. தங்கமான புள்ள. ஆனா நான் என்னத்துக்கு மாப்ள உங்ககிட்ட இருக்கிறதப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்? அந்தப் புள்ளைக்கு யாரு அப்படிச் சொன்னது?"

கேட்டாரே தவிரப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"பொறாமைக்காரன்னு நெனச்சுக்கிட்டு, பாவம்னு கூப்பிடுறாப்ல. அந்தக் கழுத்துல நான் மாலை போட மாட்டேன். நடந்ததச் சொல்லுங்க. உள்ளது உள்ளபடி. நீங்க சிரிப்பாச் சொல்லுவீக, அப்படிச் சொல்லாதீக. சொன்ன பெறகு அந்தப் புள்ள தானா வரட்டும். நீங்க கூட வர வேண்டாம். வந்தா அப்பப் பேசிக்குவோம்."

வெற்றிலைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அழைப்புக்குப் போன தட்டு திரும்பி வருவதை அபிராமம் பஸ் நிறுத்தத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. இத்தனை வருடம் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், இனிமேல் என்னைப் பார்க்கட்டும்.

உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேனா என்று மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். சீட்டியடிக்கிறவன், இட்லி, மாடியில்லாத படி என்று சில இடங்களில் கை பழக்கத்துக்குப் போயிருக்கிறது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் நான் இதைவிட நல்லவனாகத் தெரிவேன் என்று விட்டுவிட்டேன். நீ அந்த இடங்களில் சிரித்திருந்தால் அது என் குற்றம், உன்னுடையதல்ல. இதைப் படித்த பிறகு என்னோடு சில நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், பேசாமல் இரு. கல்யாண வேலைகளை நான் கவனித்துக்கொள்கிறேன். மேடையில் நான் நிற்கக்கூடாது என்று மாமா சொல்லவில்லை. ஆனால் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு வா. எனக்காக வாதாடாதே. மண்டபத்தில் தகப்பன் நிற்பதற்கு மேடையைத் தவிர வேறு இடங்கள் உண்டு. பந்தியைக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

லீவு போட்டுவிட்டு நேராக அபிராமத்துக்குப் போ. நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகாதே. வெற்றிலையும் பழமும் நீயே வாங்கிக்கொள். அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லிவிடாதே, நான் கேட்கவில்லை. அம்மாவின் குரலை வெட்டியது மாமாவுக்குத் தெரியாது, அதைச் சொல். உன்னை உட்காரச் சொல்வார், அத்தை தண்ணீர் கொடுப்பாள். அதன்பிறகு அவரைக் கவனி. நீ சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தால், இன்னும் ஒப்பவில்லை என்று புரிந்துகொள். கும்பிட்டுவிட்டு வந்துவிடு, மறுநாள் மறுபடியும் போ. திட்ட ஆரம்பித்தால் உட்கார்ந்துகொள். என்னைத்தான் திட்டுவார். பெற்ற அப்பனைச் சொல்கிறாரே என்று பாதியில் எழுந்துவிடாதே. இருபத்தைந்து வருடத்துக் கோபம், நேரமாகும். நடுவில் சோறு போட்டால் சாப்பிடு. திட்டி முடிக்கும்வரை இரு. அவர் கையில் இந்தத் தடவை தட்டு இல்லை, எதிரில் மைக்கும் இல்லை; பேசட்டும்.

பெயரைப் போடுவதா எடுப்பதா என்று அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மாமா உன்னிடம் கோபப்பட்டிருக்க வேண்டும்.

அப்பா